கல்லுக்கு இந்தப் பக்கம்

"நம்ம வழக்கந்தான் நம்மளைக் கெடுத்துப்போட்டுது, ஆத்தா" என்றார் கெம்பன்.

பெள்ளி களி கிண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

கெம்பன் அறுபதைத் தாண்டியவர். பெள்ளிக்கு மாமன் முறை. அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். ஆனால் மலையில் அம்மனுக்கு விளக்கு வைக்கிறவள் அவள்தான். யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அவளிடம்தான் போய் நிற்பார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் வண்டிக்குக் குறுக்கே படுத்த மனுஷன், பெள்ளி முன்னால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

அந்த வழக்கம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

அந்த மலையில் ஒவ்வொரு ஊர் முகப்பிலும் ஓர் எல்லைக்கல் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். நான் இன்னார் என்று வாயைத் திறக்கக் கூடாது. ஊருக்குள் இருப்பவர்தான் பார்த்து, இன்ன வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொண்டு, "வா" என்று கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கால் கல்லைத் தாண்டும். தன் குலத்தைத் தானே சொல்லிக்கொள்கிறவன் நாதியற்றவன் என்பது அவர்கள் எண்ணம்.

அதனால் அவர்கள் பெயர் இந்தக் கதையிலும் வராது. தேட வேண்டாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் கணக்கு எடுக்க வந்த துரை, மலை ஏறச் சோம்பல்பட்டு அடிவாரத்தில் கூடாரம் போட்டான். மலைக்காரர்களை இறங்கி வரச் சொன்னான். வந்தார்கள். கூடாரத்துக்கு வெளியே நின்றார்கள். "யார் நீங்கள்?" என்று கேட்டான். அவன் சொல்வான் என்று இவர்கள் காத்திருந்தார்கள். இவர்கள் சொல்வார்கள் என்று அவன் காத்திருந்தான். வெயில் ஏறியது. பக்கத்தில் இருந்த கீழ்நாட்டு மணியக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். ஆடு மேய்க்கிறவர்களின் சாதிப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெயர்தான் இன்றுவரை.

இப்போது காட்டிலாகா சொல்கிறது: மலைசாதிக்குத்தான் மலை. நீங்கள் ஆட்டுக்காரர்கள். இறங்குங்கள்.

கெம்பனும் சனங்களும் தெருவில் இறங்கினார்கள். ஆனால் கோஷம் போடும்போதும் தங்கள் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "நாங்க யாரு, நீங்க சொல்லுங்க!" என்று கத்தினார்கள். டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பாவம், "அதை நீங்கதானய்யா சொல்லணும்" என்று கெஞ்சினார். போராட்டம் மட்டும் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வருஷக்கணக்கில் நடந்தது.

கடைசியில் ஓர் அதிகாரி மலைக்கே வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் எழுதுவதுதான் முடிவு. இல்லையென்று எழுதிவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"நாளைக்கு வர்றாங்க" என்றார் கெம்பன். "யாருன்னு கேட்டா, நானே பேரைச் சொல்லிப்போடறேன். அம்மனுக்கு ஆகாதுன்னா, பாவம் என் தலையோட போகட்டும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

பெள்ளி துடுப்பை நிறுத்தினாள்.

"உன்னை மொதல்ல கூப்பிட்டது யாரு, மாமா?"

கெம்பன் இதை எதிர்பார்க்கவில்லை.

"எங்க அத்தை" என்றார். "பால்பல்லு விழுந்த வயசு. அப்பன் தனியா அனுப்பிப்போட்டாரு. கையில தேனடை. தூறல் வேற. கல்லுக்கிட்ட நிக்கறேன். தொட்டில்ல பார்த்த அத்தைக்கு என்னை எங்க தெரியப்போவுதுன்னு அழுகை முட்டுது. அத்தை சோளம் புடைச்சுக்கிட்டிருந்தா. நிமிர்ந்து பார்த்தா. 'கழுத்தைச் சாய்ச்சு நிக்கறதைப் பாரு, அப்பனாட்டவே. ஈச்சம்பாறை வீட்டுப் பிள்ளை, வாடா தங்கம்'னா."

அவர் கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"அந்த ஊரு இப்ப தைலமரக் காடு. கல்லு மட்டும் நடுவுல கெடக்குது. காடு போன பொறவு பருத்தி எடுக்கக் கரிசக்காட்டுக்குப் போனேன். அங்க வெறும் மலையான். ஆபீஸ் வாசல்ல வெறும் மனு. அத்தை கூப்பிட்டாப்பல அப்பறம் ஒருத்தரும் கூப்பிடலை, ஆத்தா. ஒருக்கா யாராவது கூப்பிடட்டும்னுதான் அந்த வாசல்ல நின்னு நின்னு பார்த்தேன்."

பெள்ளி எழுந்தாள். துடுப்பைப் பானையிலேயே விட்டாள். முற்றத்தைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கெம்பன் காத்திருந்தார். அவள் வரவில்லை.

"களி அடிபிடிக்குது, ஆத்தா."

அவள் அசையவில்லை. தீய்ந்த வாசனை வந்துவிட்டது.

கெம்பனுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டதற்கு ஒரு பதில் இல்லை, இதில் விளையாட்டு வேறு. ஆனாலும் கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கும்போது சும்மா இருக்க அவர் உடம்புக்குத் தெரியாது.

"ஊத்துப்பாறை வீட்டு மகளே, வா" என்றார்.

பெள்ளி உள்ளே வந்தாள். துடுப்பை எடுத்துப் பானையைக் கிண்டினாள்.

"அவ்வளவுதான், மாமா."

"எது அவ்வளவுதான்?"

"களி. அடி தீஞ்சுபோச்சு. மேலாப்புல எடுத்துக்க."

கெம்பன் தின்றுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார். இவளிடம் யோசனை கேட்க வந்தது தன் புத்தி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜீப் பாதி மலைக்கு மேல் ஏறாது. அதிகாரி நடந்து வந்தார். பின்னால் உதவியாளர் ஒருவர், கேமராக்காரர் ஒருவர். சனங்கள் எல்லாம் ஊருக்குள் கூடி நின்றார்கள். வக்கீல் ஒருத்தர் டவுனிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார், இலைதழை கட்டிக்கொண்டு ஆடுங்கள், அப்போதுதான் நம்புவார்கள் என்று. அவர்கள் தாத்தன் காலத்திலேயே வேட்டிதான். யாரும் கட்டவில்லை.

கெம்பன் முன்னால் நின்றார். இரவெல்லாம் குலப்பெயரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

அதிகாரி மூச்சிரைக்க வந்து எல்லைக்கல் அருகே நின்றார். வழக்கம் தெரிந்து நிற்கவில்லை, மேல்மூச்சு வாங்க நின்றார்.

அங்கிருந்தே கேட்டார். "நீங்கல்லாம் யாருங்க?"

கெம்பன் வாயைத் திறந்தார். பார்வை தானாகக் கீழே போனது. இரண்டு கால்கள், கல்லுக்கு அந்தப் பக்கம். பெள்ளி நின்ற அதே இடம்.

துரையின் கூடாரம் அவர் நினைவுக்கு வந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசல் வந்தது. எத்தனை வாசலில் எத்தனை காலம் நின்றிருக்கிறோம் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தார். பெள்ளி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

கெம்பன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பிறகு, வந்தவரை நிதானமாகப் பார்த்தார். அத்தை தன்னைப் பார்த்த மாதிரி பார்த்தார். உதவியாளர் காலில் ஷூ. கேமராக்காரர் காலில் ஷூ. மலையின் செம்மண் கரிசல் சேறு மாதிரி அப்பிக்கொள்ளாது, கழற்ற வேண்டியதில்லை. அதிகாரி மட்டும் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கெம்பனின் முகம் மெல்ல விரிந்தது.

"மண்ணு நனைஞ்சதைக் கண்டதும் செருப்பு கைக்கு வந்துருது பாரு" என்றார். "கரிசக்காட்டு வீட்டுப் பிள்ளை. வா சாமி, உள்ள வா."

அதிகாரி தன் கையில் இருந்த ஷூவைப் பார்த்தார். எப்போது கழற்றினோம் என்பதே அவருக்கு நினைவில்லை. தன் கரிசல் ஊரை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வெறுங்காலோடு கல்லைத் தாண்டி உள்ளே நடந்தார்.

பெள்ளி தட்டை வைத்தாள். அவர் உட்கார்ந்தார்.

உதவியாளர் குனிந்து காதருகே சொன்னார். "சார், இவங்க யாருன்னு இன்னும் சொல்லலை. திரும்பக் கேளுங்க."

அதிகாரி களியைப் பிட்டார்.

"உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க" என்றார். "வீட்டுக்காரங்களைப் போய் யாருன்னு எப்படிய்யா கேக்கிறது?"