கரடிமலையில் என்ன வேகுது?

கொம்பையூர் ராஜாவுக்குப் பக்கத்து நாட்டுக் கரடிமலை ராஜா மேல் சந்தேகம். ஒற்றர் தலைவன் வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார்.

“கரடிமலையில என்ன வேகுதுன்னு பார்த்துட்டு வா. ரகசியம் நம்ம கோட்டைச் சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டினா உன் தலை இருக்காது.”

வெள்ளியங்கிரிக்குத் தன் தலை மேல் பிரியம் அதிகம். தலைப்பாகை வைக்க அவனிடம் வேறு இடம் இல்லை. அரசாங்கச் செலவில் சோறு கட்டிக்கொண்டு, சடையன், பூவராகன் என்ற இரண்டு ஒற்றர்களோடு கிளம்பினான்.

கரடிமலைத் தெருவெல்லாம் யானையும் வேலுமாக நடக்க வழியில்லை. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒதுங்குங்க ஐயா, நாங்க வேகிறதைப் பார்க்க வந்தவங்க!” என்று சேனாதிபதியையே அதட்டினான். அவரும் அசந்துபோய் அரண்மனை அடுக்களைக்கு வழி காட்டினார்.

அங்கே அண்டாவில் பூசணி அல்வா வெந்துகொண்டிருந்தது. மூவரும் பக்குவத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

கோட்டைக்குள் வந்து பார்த்தால், ராஜா வெளியே ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறார்.

“ஓடிப்போய்ச் சொல்லிடலாமா?” என்றான் சடையன்.

“ரகசியம் சுவரைத் தாண்டினா என் தலை போயிடும்டா!” என்றான் வெள்ளியங்கிரி.

“அப்ப உள்ளே இருக்கிறவங்க யார்கிட்டயாவது சொல்லிடுவோம். இல்லைன்னா மறந்துடும்,” என்றான் பூவராகன்.

உள்ளே இருந்தவர் பலகாரக் கம்பெனி முதலாளி தாமோதரம். வெள்ளியங்கிரி அவர் காதில் நெய் அளவு முதற்கொண்டு ஒப்பித்தான். ராஜா தலை துவட்டி வருவதற்குள் கம்பெனி வாசலில் அல்வா வாங்கக் கூட்டம் முண்டியடித்தது.

“படை ஏதாவது கண்ணில பட்டுச்சா?” என்று கேட்டார் ராஜா.

“தெரு நிறைய இருந்துச்சு மகாராஜா. ஆனா வேகலை.”

தாமோதரம் குறுக்கே புகுந்தார். “இன்னும் நாலு நாட்டுக்கு ஒற்றர்களை அனுப்புங்க மகாராஜா. முறுக்கு விஷயத்துல நம்ம நாடு ரொம்பப் பின்தங்கியிருக்கு.”

ராஜா வாய் திறப்பதற்குள் கரடிமலைப் படை உள்ளே வந்துவிட்டது. அவர் ஈர வேட்டியோடு பின்வாசல் வழியே ஓடினார்.

புது ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் தாமோதரம் முதல் ஆளாக அல்வாவை நீட்டினார். ஒரு வாய் போட்டவர் துள்ளி எழுந்தார்.

“இது எங்க அடுக்களைப் பக்குவமாச்சே! திருடினவன் எவன்?”

“கண்டுபிடிக்க இந்த மூணு பேரை விட்டா ஆளில்லை ராஜா. என் கம்பெனிக்கே இவங்கதான் எல்லாம்,” என்றார் தாமோதரம்.

மூவரும் கரடிமலைக்குப் போய் விசாரித்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள்.

“துப்பு கிடைச்சிடுச்சு ராஜா,” என்றான் வெள்ளியங்கிரி. “மூணு பேர். அச்சு அசல் எங்களை மாதிரியே இருப்பாங்களாம். சமையல்காரர் சத்தியம் பண்றார். ஆனா பலே கில்லாடிங்க! நாங்க உள்ளே போனதும் எப்படியோ தப்பிச்சுட்டாங்க. எண்ணிப் பார்த்தா, அங்கே நாங்க மட்டும்தான் இருக்கோம்!”