ஆற்றை மட்டும் சொல்லிவிடாதே

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு மீசையும் கோபமும் சேர்ந்தே வளர்ந்த நாளில், வேங்கைப்பட்டணத்தை வச்சிரபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் கொடுத்த கிராமத்தை மாலையில் பிடுங்கிக்கொள்ளும் குணம்.

ஒரு வருஷம் ஆடிப்பெருக்கன்று பூஜைக்காகப் படித்துறையில் இறங்கியவர், பாசியில் வழுக்கித் தொப்பென்று ஆற்றில் விழுந்தார். ஒரு பரிசல்காரன் குடுமியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? "ராஜா ஆற்றில் விழுந்ததைப் பற்றி எவனாவது மூச்சு விட்டால் நாக்கை அறுப்போம்" என்று நாடு முழுக்கத் தண்டோரா போடச் சொன்னார். விஷயம் தெரியாத ஊர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராஜா சபைக்கு வரும்போது அவருடைய பட்டங்களை உரக்கச் சொல்லிக் கட்டியம் கூறுகிறவர் ஆதிமூலம். இருபது வருஷத்தில் ஒரு பட்டம் பிசகியதில்லை. அந்த வேலையைத் தன் மைத்துனன் மொட்டையப்பனுக்கு வாங்கித் தரவேண்டும் என்று சபை அதிகாரி குழந்தைவேலருக்கு வெகுநாள் ஆசை.

பக்கத்து நாட்டுத் தூதர் வருகிறார் என்று செய்தி வந்ததும் குழந்தைவேலர் ஆதிமூலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஆதிமூலம், தூதர் முன்னால் ஆற்றை மட்டும் சொல்லிவிடாதே, தெரிகிறதா?"

சாப்பிட உட்கார்ந்தால் வந்து சொன்னார். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் பக்கத்தில் நின்று சொன்னார். நல்லதுக்குத்தானே சொல்கிறார் என்று ஆதிமூலமும் பாவம், நன்றி சொன்னார். மூன்றாம் நாள் அவருக்குச் சோற்றைப் பார்த்தாலும் ஆறு, சுவரைப் பார்த்தாலும் ஆறு.

தூதர் வந்து அமர்ந்தார். ராஜா நுழைந்தார். ஆதிமூலம் மூச்சை இழுத்த நேரத்தில் குழந்தைவேலர் கடைசியாக ஒருமுறை அவர் காதோரம் குனிந்து முணுமுணுத்தார்.

"ராஜாதி ராஜன்! ராஜ மார்த்தாண்டன்! ஏழு மலை கடந்த ஏந்தல்! ஆற்றில் விழுந்த அஞ்சாநெஞ்சன், பராக்!"

விசிறி வீசுகிறவனின் கை அப்படியே நின்றது. சொன்னது தன் வாய்தானா என்று ஆதிமூலத்துக்கே நம்பிக்கை வரவில்லை. தூதர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியது.

"என் உப்பைத் தின்றுவிட்டு என்னையே பரிகாசம் செய்கிறாயா?" ராஜா கத்தினார். "கொண்டு வா கத்தியை!"

"மகாராஜா, நான் நினைத்துச் சொல்லவில்லை! வாய் தானாகச் சொல்லிவிட்டது!"

"மனசில் இல்லாதது வாயில் எப்படி வரும்?" என்று குழந்தைவேலர் எடுத்துக் கொடுத்தார்.

காவலர்கள் ஆதிமூலத்தை மண்டியிட வைத்தார்கள். ஒருவன் தாடையை இறுகப் பிடித்தான். இருபது வருஷம் சோறு போட்ட நாக்கு. அது போனால் பெற்ற பிள்ளையைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதே என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மந்திரி சாரங்கநாதர் எழுந்தார். "மகாராஜா, அறுக்கப்போகிற நாக்கு எங்கும் ஓடிவிடாது. ஒரே ஒரு கேள்வி. ஆதிமூலம், வாயைத் திறக்குமுன் உமது காதில் கடைசியாக விழுந்தது என்ன?"

"ஆற்றை மட்டும் சொல்லிவிடாதே என்று அதிகாரி ஐயா சொன்னார். மூன்று நாளாக அதையேதான் சொன்னார்."

"ஆமாம், சொன்னேன்!" என்று குழந்தைவேலர் மார்தட்டினார். "எச்சரித்தும் சொன்னான் என்றால் குற்றம் இரட்டிப்பு அல்லவா?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அறு" என்றார்.

உண்மையைச் சொல்லியும் கெட்டோமே என்று ஆதிமூலம் நொந்துபோனார்.

"பொறுங்கள்" என்றார் மந்திரி. "எச்சரித்தால் நாக்குப் பிசகாது என்கிறார் அதிகாரி. அவரே கட்டியம் சொல்லட்டும். நானும் அவரை ஒரே ஒருமுறை எச்சரிக்கிறேன். பிசகாமல் சொன்னால் ஆதிமூலத்தின் நாக்கோடு என் நாக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிசகினால் ஆதிமூலத்தை விட்டுவிட வேண்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். "சம்மதம்!" என்றார். மந்திரி பதவியும் காலியாகப் போகிறதே என்று குழந்தைவேலரும் சம்மதித்தார்.

மந்திரி அவர் காதில் ஏதோ சொன்னார். குழந்தைவேலரின் முகம் வெளுத்தது.

"ம், ஆகட்டும்!" என்றார் ராஜா.

குழந்தைவேலர் ஒவ்வொரு பட்டமாக, பூக்குழியில் கால் வைப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். ஏழு மலை கடந்தது. ஆறு வரவில்லை. பட்டங்கள் தீரத் தீர, காவலனின் கத்தி ஆதிமூலத்தின் உதட்டருகே வந்தது. இனி ராஜாவின் பேர் ஒன்றுதான் பாக்கி. ஆதிமூலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேங்கைப்பட்டணம் ஆளும் வேந்தர் வேந்தன், ஸ்ரீஸ்ரீ மொட்டையப்பன், பராக்! பராக்!"

ராஜா துள்ளி எழுந்தார். "மொட்டையப்பனா? எனக்குத் தெரியாமல் என் நாட்டை ஆளும் அந்த ராஜா யார்?"

"எ... என் மைத்துனன், மகாராஜா."

"உன் மைத்துனனுக்கு என் சிம்மாசனத்தில் என்ன வேலை?"

"சிம்மாசனம் இல்லை மகாராஜா! கட்டியக்காரன் வேலைதான் கேட்டான்!"

நுணலும் தன் வாயால் கெடும். மிச்சத்தை யாரும் கேட்காமலே அவர் உளறிக் கொட்டினார்.

"மந்திரி, அப்படி என்னதான் சொன்னீர்?"

"மைத்துனர் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றேன், மகாராஜா. ஒருவன் நுழையக் கூடாதென்று வாசலில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றால், கதவு திறந்ததும் முதலில் நுழைகிறவன் அவன்தான். இவருக்கு ஒருமுறை கேட்டதற்கே இந்தப் பாடு. ஆதிமூலம் மூன்று நாள் கேட்டார். நாடு முழுவதற்கும் அதே எச்சரிக்கையைத் தண்டோரா போட்டவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். என் நாக்கு எனக்கு வேண்டும்."

ராஜாவின் மீசை துடித்தது. பிறகு அவர் கை மெல்ல மேலே போய்க் குடுமியைத் தடவியது.

"அந்தப் பரிசல்காரன் இழுத்த இழுப்பு, இன்னும் வலிக்கிறதய்யா!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அடக்கி வைத்திருந்த தூதரும் சிரித்தார். சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சபையும் சிரித்தது.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. குழந்தைவேலருக்குப் படித்துறைப் பாசியைத் தேய்த்துக் கழுவும் உத்தியோகம்; மைத்துனனையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார் ராஜா. ஆதிமூலத்தின் தோளில் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தி, "இனி அந்தப் பட்டத்தையும் சேர்த்தே சொல். தினமும் சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் சபை கூடியது. "ஏழு மலை கடந்த ஏந்தல்!" என்று முழங்கிய ஆதிமூலம் அதோடு நின்று விழித்தார். எவ்வளவு யோசித்தும் அடுத்தது வரவில்லை. கடைசியில் ராஜாவே குனிந்து, "ஆற்றில் விழுந்த..." என்று எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.