மகாராணி வைத்த சூப்பு

பீங்கான் கிண்ணம் கல்தரையில் உடைந்த அந்தச் சத்தத்தைச் சீன அரண்மனையில் வெகுகாலம் யாரும் மறக்கவில்லை.

மகாராணிக்கு இளைய மகன்மேல்தான் உயிர். மூத்தவன் முடிசூடும் நாளில் அவனுக்குத் தன் கையாலேயே சூப்பு வைத்தாள். அதில் விஷம் கலந்ததை அடுக்களைப் பெண் லின்ஹுவா பார்த்துவிட்டாள்.

"கொண்டுபோய்க் கொடுடி. வாயைத் திறந்தால் தலை போகும்."

சபையில் லின்ஹுவா கிண்ணத்தை இளையவனிடம் நீட்டினாள். "தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணனுக்குத் தருவதுதானே நம் வழக்கம், இளவரசே?"

ஒன்றும் அறியாத அவன் வாயருகே கொண்டுபோனான். மகாராணி அலறிக்கொண்டு ஓடிவந்து தட்டிவிட்டாள்.

"அம்மா எனக்கென்று சமைத்தது இதுதான் முதல் தடவை" என்றான் மூத்தவன்.

தாயை அவன் தண்டிக்கவில்லை. கடைசிவரை அவளுக்கு லின்ஹுவாதான் சமைத்துப் போட்டாள்.