மோட்டார் ஓடாத கோடை

"மரபணு இருக்கு மேடம். ஆனா வேலை செய்ய மாட்டேங்குது," என்றார் தணிகாசலம்.

ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர் தணிகாசலம். அவருக்கு வழிகாட்டியான மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சிறியவர். அதில் தணிகாசலத்துக்குக் கூச்சமே இருந்ததில்லை.

வறட்சி தாங்கும் என்று நம்பி தணிகாசலம் வளர்த்த ரகத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த மாதம் தண்ணீரை அடியோடு நிறுத்திச் சோதிப்பார்கள். பயிர் கருகினால் ரகத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

ஒத்திகையாக ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீரை நிறுத்திப் பார்த்திருந்தார். ஒரே வாரத்தில் கருகிப்போனது. முன்பு ஒரு கோடையில் தாக்குப்பிடித்து நின்ற அதே விதை. இலையைச் சோதித்தால் வறட்சி தாங்கும் மரபணுவும் அப்படியே இருக்கிறது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மங்கையர்க்கரசி பக்கத்துப் பாத்தியில் ஒரு நாற்றைப் பிடுங்கி உதறினார். இலை பச்சைப்பசேல் என்றிருந்தது. வேர் அரை விரல் நீளம்கூட இல்லை.

"எப்பல்லாம் தண்ணி விடுறீங்க?"

"காலையில, சாயங்காலம். வெயில் ஏறுனா மத்தியானமும் கொஞ்சம். பாவம், வாடிரக் கூடாதுல்ல."

பெற்ற பிள்ளைக்குக்கூட மனிதர் இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

மங்கையர்க்கரசி வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். பயிர் தாக்குப்பிடித்த அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மறக்க முடியுமா? மோட்டாரின் செம்புச்சுற்று கருகி, பழுதுபார்க்க ஆள் வர மாதக்கணக்கானது. இருவரும் குடத்தில் சுமந்த தண்ணீர் வயலில் விழுந்த இடமே தெரியாது. மத்தியானம் பயிர் சுருண்டுகொள்ளும். இவர் கண்கலங்குவார், மங்கையர்க்கரசி சிரிப்பார். பொழுது சாய்ந்ததும் பயிர் மெல்ல நிமிரும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரே டிபன் பாக்ஸில் புளிச்சோறு சாப்பிடுவார்கள்.

"அந்த மாதிரிப் பயிர் அப்புறம் வரவே இல்ல மேடம்."

"அப்ப நம்மகிட்ட அப்படி என்ன சார் இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு? நிழல்வலை கிடையாது. உரம் வந்து சேரல. தினம் வாடி வாடி நிமிரும். வேர் தண்ணியைத் தேடி ஆழமா இறங்கும். மோட்டார்கூட..."



பாத்தியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அதையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் வால்வை மூடினார். மூடிய கை அதிலேயே இருந்தது.

"மத்தியானம் வாடிரும் மேடம்," என்றார்.

மங்கையர்க்கரசி டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"வாடட்டும் சார். சாயங்காலம் நிமிருதான்னு உக்காந்து பாப்போம்."