மரகதம்மா ஏறினால் விழாத கியர்

"அம்மா, நான் ஊருக்கே போயிடறனுங்க."

சென்னியப்பன் இதைச் சொன்னபோது மரகதம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்குங்கண்ணா?"

"கியர் விழ மாட்டேங்குதுங்க."

மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு மரகதம்மாதான் குரு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சென்னியப்பனுக்கு அறுபதுக்கு மேல். லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு மனசுக்கு ஒரு நிம்மதி வேண்டும் என்று சீடராக வந்து சேர்ந்தவர். மந்திரம் சொல்லித் தருவார், தியானம் சொல்லித் தருவார் என்று காத்திருந்தார். அம்மா கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

யாரோ ஒரு பக்தர், வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று மடத்துக்குக் கொடுத்த பழைய கார். முன்னால் ஒரே நீள சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். சென்னியப்பன் காய்கறி வாங்கத் தனியாகக் கீழே போனால் கியர் வெண்ணெய் மாதிரி விழும். வாரம் ஒருநாள் மரகதம்மாவை ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே துணைக்கு ஆளில்லாத நோயாளிகளோடு அம்மா உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு நாள் மட்டும் கியர் கரகரவென்று கத்தும், முரண்டு பிடிக்கும்.

போன வாரம் திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் விழவே இல்லை. வண்டி பின்னால் உருண்டு, ஓரத்துக் கட்டைச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அம்மா "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மடியிலிருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார். சென்னியப்பனுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

இன்றைக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி நாள்.

"உங்களைக் கொன்னு போட்டுருவனோன்னு பயமா இருக்குதுங்க."

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"கியர் எதனால விழலை?"

"எல்லாம் பாத்துட்டனுங்க. ஆயில் மாத்தினேன். கியர் பெட்டியை இறக்கிப் பிரிச்சேன், ஒரு பல்லுகூடத் தேயலை. கிளட்ச் தட்டும் புதுசு. டவுன் மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டு, வண்டி நல்லாத்தான் இருக்குது, கோளாறு உங்ககிட்டதான்னு சொல்லிப்போட்டான். அவன் சொன்னது சரிதானுங்க."

"என்ன சரி?"

"நான் பாவிங்க. நீங்க ஏறி உக்காந்தா வண்டி என்னைக் காட்டிக் குடுத்துருது."

இந்த முடிவுக்கு அவர் சும்மா வந்துவிடவில்லை. "உங்க மனசுல என்னமோ அழுக்கு இருக்குது" என்று சமையல்கார நாச்சம்மா ஒருநாள் சாம்பார் ஊற்றும்போது சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். மனிதர் தம் ஆயுசு முழுவதையும் மூட்டை அவிழ்த்துக் கொட்டித் துழாவ ஆரம்பித்தார். தேடினால் கிடைக்காமல் போகுமா? லோடில் தேங்காய் எடுத்தது, தம்பியோடு வரப்புத் தகராறில் பேச்சை விட்டது, மாமியார் சாவுக்குப் போகாமல் நெஞ்சு வலி என்று படுத்துக்கொண்டது. ஒவ்வொன்றாக அம்மாவிடம் கொண்டுவந்து கொட்டினார்.

அம்மா ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் கேட்டார். "சொன்னதுக்கப்புறம் கியர் விழுந்துதா?"

விழவில்லை. அதனால் அடுத்த வாரத்துக்கு இன்னும் பெரிய பாவமாகத் தேட வேண்டியிருந்தது.

"சரி, போங்க" என்றார் அம்மா. "கியருக்கு என்னன்னு கண்டுபிடிச்சுட்டுப் போங்க."

"அதான் கண்டுபிடிச்சுட்டனுங்களே."

"கியரைக் கேட்டா உங்களைப் பத்திச் சொல்றீங்க."

சென்னியப்பனுக்குத் தலை சுற்றியது. குருவிடம் போனால் குழப்பம் தீரும் என்று ஊரில் சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்ததிலிருந்து அது கூடிக்கொண்டே போகிறது.

அம்மா முறத்தை ஓரமாக வைத்தார். எழுந்து காரடிக்குப் போனார். சென்னியப்பன் பின்னாலேயே போனார்.

"இன்ஜினை ஓட்டாம கியர் போடுங்க."

போட்டார். எல்லாம் விழுந்தன.

"ஓட்டிட்டுப் போடுங்க."

விழுந்தன.

"நான் வர்ற நாள்ல கிளம்பறதுக்கு முன்னால என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம இப்ப செய்யுங்க. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் ஒரு தடவை கியர் போடுங்க."

இது என்ன கூத்து என்று பார்க்க நாச்சம்மாவும் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார். கியர் போட்டார். விழுந்தது.

நெற்றி நிறைய திருநீறு பூசினார். விழுந்தது.

கண்ணாடிக்கு முன்னால் முல்லைச் சரம் வைத்தார். விழுந்தது.

ஊதுபத்தி கொளுத்தினார். புகை கண்ணில் ஏறித் தும்மினார். அப்போதும் விழுந்தது.

கேட்காமலே மரகதம்மா அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அம்மா, இருங்க, இன்னும் முடியலீங்க."

"போடுங்க."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை மிதித்தார். கம்பியைத் தள்ளினார்.

விழுந்தது.

நம்பாமல் எடுத்துவிட்டு மறுபடியும் போட்டார். மறுபடியும் விழுந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க உக்காந்திருக்கறீங்க. ஆனா விழுதுங்க."

"அடுத்து என்ன?"

"அவ்வளவுதானுங்க. ஜமக்காளம் விரிக்கறது மட்டுந்தான் பாக்கி."

அம்மா செருப்புப் போடுவதில்லை. அவர் பாதம் வெறும் தகரத்தில் படக் கூடாது என்று ஒரு குடும்பம் கொண்டுவந்து கொடுத்த ஜமக்காளம் அது. ஒரு பந்தியே உட்காரும் நீளம். அம்மாவுக்கென்று வந்த துணியில் கத்தரி படலாமா? மடத்தில் யாரும் ஒப்பவில்லை. எனவே சென்னியப்பன் அதை மடித்து மடித்து அம்மாவின் காலடியில் விரித்து, மிச்சத்தைத் தம் பக்கம் தள்ளிவிடுவார். திரும்பி வந்ததும் சுருட்டிப் பூஜை அறையில் வைத்துவிடுவார். காய்கறி வாங்கப் போகையில் அதை எடுக்க மாட்டார். வண்டியைப் பிரித்து மேயும்போது எண்ணெய்க் கறை பட விடுவாரா? டவுன் மெக்கானிக் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எடுத்து வந்து விரித்தார். மிச்சத்தைத் தள்ளினார். மிதித்தார்.

கம்பியைத் தள்ளியதும் கரகரவென்று கத்தியது.

குனிந்து பார்த்தார். கிளட்ச் மிதிக்கு அடியில் மடிப்பு ஒரு தலையணை கனத்துக்குக் கிடந்தது. கையால் அழுத்திப் பார்த்தார். மிதி பாதி வழியிலேயே நின்றது. மிதி முழுக்கப் போகாவிட்டால் கிளட்ச் முழுக்கப் பிரியாது. அது பிரியாமல் எந்த வண்டியிலும் கியர் விழாது. காலமெல்லாம் லாரி ஓட்டியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அட, ஜமக்காளம்" என்றாள் நாச்சம்மா. பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வரவே உள்ளே ஓடினாள்.

சென்னியப்பன் ஜமக்காளத்தை வெளியே இழுத்து மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கண்ணா முகம் வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "வெறும் ஜமக்காளந்தானுங்களாம்மா?"

"பாவமா இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. காது மடல் சுட்டது. இந்த வயதில் இப்படியொரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஆமாங்க" என்றார்.

மரகதம்மா வெறுங்காலைத் தகரத்தில் ஊன்றி நேராக உட்கார்ந்தார்.

"அதையும் இறக்கி வச்சுட்டு வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரியில காத்துட்டிருப்பாங்க."