தண்ணீர்ப் படம்

குழந்தைகளே, ஒரு புதிர். வீட்டுக்காரர் வாசலை நகர்த்துவார், முட்டிக்கொள்வது விருந்தாளி. வாசல் எங்கே என்று சொல்ல வேண்டியவர் யார்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

எழிலியின் தம்பி செழியனுக்குப் பேச்சு வராது. அவனுக்காக அவள் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தாள். திரையில் ஒரு படத்தைத் தொட்டால் கணினி அந்தச் சொல்லைச் சொல்லும்.

பிறகு கணினியில், அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டார்கள். எழிலி நிரலை அதில் ஓடும்படி மறுபடி தொகுத்துக் கொடுத்தாள். செழியன் தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். கணினி "போதும்" என்றது. அம்மா அவன் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவன் திரைப்பக்கமே வரவில்லை.

எழிலி கணினியைத் தூக்கிக்கொண்டு பெனிட்டா டீச்சர் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

டீச்சர் நிரலைப் புரட்டிப் பார்த்தார். "ஹெடர் கோப்பை நீயே நிரலோட சேர்த்து வச்சிருக்கியா?"

விரல் தொட்ட இடத்தை இயங்குதளம் எந்த வரிசையில் எழுதி வைக்கிறது என்று நிரலுக்குச் சொல்வது அந்தக் கோப்பு. புதிய இயங்குதளத்தில் வரிசை மாறிவிட்டது. எழிலியிடம் இருந்தது பழையதன் பிரதி; அதனால் ஒரு படத்தைத் தொட்டால் வேறொன்றைத் தொட்டதாக நிரல் எடுத்துக்கொண்டது.

"ஆமா டீச்சர். சில கம்ப்யூட்டர்ல அது இருக்கறதே இல்ல. நிரலைத் தொகுக்கவே முடியாம நின்னுடுது, அதான் கூடவே வச்சேன். அதை யார் தரணும்? இயங்குதளமா, நானா?"

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கே. தாகமா?"

"ரொம்ப."

"வாயைத் திறக்காம கேளு, பார்ப்போம்."

எழிலி தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள்.

"போதும்" என்றது கணினி. டீச்சர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

மறுபடி அழுத்தித் தொட்டாள். "போதும்." டம்ளர் இன்னும் தள்ளிப் போனது.

"விளையாடாதீங்க டீச்சர். தண்ணி குடுங்க."

"செழியனால இப்படிச் சொல்ல முடியாதேம்மா."

எழிலி தலை குனிந்தாள். டீச்சர் டம்ளரை அவள் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என் பிரதியை எடுத்துட்டா, ஹெடர் இல்லாத கம்ப்யூட்டர்ல நிரல் நின்னுடுமே?"

"நிக்கட்டும். நின்னா உனக்குத் தெரியும். தப்பாப் பேசினா அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

எழிலி தன் பிரதியை அழித்தாள். இயங்குதளம் தந்த கோப்பை வைத்து நிரலை மறுபடி தொகுத்தாள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டதும் கணினி "தண்ணீர்" என்றது; வாசலை நகர்த்திய வீட்டுக்காரரே அது எங்கே என்று சொல்லிவிட்டார், குழந்தைகளே.