பத்துப் பேருக்கான குப்பி

ஊரெல்லாம் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலம் அது. மேலக்குன்னம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், நீல நிற ஐஸ் பெட்டிக்குள் ஒரு தடுப்பூசிக் குப்பி இருந்தது. அதற்குள் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் குப்பைக்குத்தான் போகும். அதனால் பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறப்பதில்லை என்பது அங்கே வழக்கம்.

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள், மறுநாள் எட்டுப் பேர். குப்பி இரண்டு நாளும் திறக்கப்படாமலே திரும்பிப் போனது. மூன்றாம் நாள் காலையில் ஐஸ் பெட்டி மூடியை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தது.

"டேய், ஒன்பது பேர் வந்தாச்சு! இன்னும் ஒரே ஒருத்தர்தான்!"

குப்பிக்குத் தலைகால் புரியவில்லை. "ஒருத்தர் கிடைக்காமலா போவார்?"

"கிடைப்பார், கிடைப்பார். நம்ம செவிலியர் பூங்கோதை எதிர்லயே உட்கார்ந்திருக்காங்களே. அவங்களே இன்னும் போட்டுக்கலை."

குப்பி நம்பவில்லை. ஊருக்கே ஊசி போடுகிறவர் தனக்குப் போட்டுக்கொள்ளாமல் இருப்பாரா? ஆனால் பூங்கோதையின் நாற்காலியைக் கூர்ந்து பார்த்தபோது, அதன் விளிம்பில் தயக்கம் தொற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. தயக்கத்துக்கு வெள்ளைச் சட்டை, பணிவான முகம். பார்த்தால் பெரிய டாக்டர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

"யாருய்யா நீ?" என்று கேட்டது குப்பி.

"சிஸ்டரோட நலம்விரும்பி. நான் எதையும் வேண்டாம்னு சொல்றதே இல்லை. 'அடுத்த வாரம்'னு மட்டும்தான் சொல்வேன்."

"எத்தனை அடுத்த வாரம் ஆச்சு?"

"எட்டு." தயக்கம் பெருமையாகச் சிரித்தது. "முதல்ல லேசா தலைவலி. அப்புறம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அதுக்கப்புறம் செல்போன்ல யாரோ, ஊசி போட்டா ஆபத்துன்னு ஒரு வீடியோ அனுப்பினாங்க. அது எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு."

பூங்கோதையைக் குறை சொல்லவும் முடியாது. தொற்று வந்த வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் இரண்டு நிமிட வீடியோவுக்குப் பயந்துபோனார் என்பதுதான் வேடிக்கை.

காத்திருந்தவர்களில் பரோட்டா மாஸ்டர் ரபீக்குக்குப் பொறுமை போய்விட்டது.

"சிஸ்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமான்னு சொல்லிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று தயக்கம் காதில் ஓதியது. பூங்கோதைக்குப் பொய் வரவில்லை.

"இல்லண்ணே... அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு..."

அவ்வளவுதான், தயக்கம் குட்டி போட்டது. ஒன்பது குட்டிகள் துள்ளிக் குதித்து ஓடி, ஒன்பது பேர் மடியிலும் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

"அப்போ நாங்களும் அடுத்த வாரமே வர்றோம்" என்று மடியிலிருந்த குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார் பஞ்சவர்ணம். நூற்பாலையில் வேலை செய்கிறவர். ஆஸ்துமா உண்டு. நெரிசலான பஸ்ஸில் தினமும் போய்வர வேண்டும்.

"போனா திரும்ப வர மாட்டாங்க" என்றது ஐஸ் பெட்டி. குப்பிக்கு வேர்த்துக் கொட்டியது.

பூங்கோதை பஞ்சவர்ணத்தின் கையைப் பார்த்தார். அதில் இன்ஹேலர் இருந்தது. போன மாதம் அவரே எடுத்துக் கொடுத்து, எப்படி உறிஞ்சுவது என்று சொல்லிக்கொடுத்த இன்ஹேலர். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போனது நேற்றுத்தான். அடுத்த வாரம் வரைக்கும் பஞ்சவர்ணத்துக்கு யார் உத்தரவாதம்?

அவர் விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் தயக்கம் நாற்காலியிலிருந்து தொபீரென்று விழுந்தது.

"அக்கா, போகாதீங்க. டாக்டரம்மா! கொஞ்சம் இங்க வாங்க. எனக்கு ஊசி போடணும்."

"யாருக்கு? உங்களுக்கா!" உள்ளறையிலிருந்து டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். எட்டு வாரமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் அவர்.

ஐஸ் பெட்டி மூடியை அகலத் திறந்தது. குப்பி கிட்டத்தட்ட அவர் கையில் குதித்தே விட்டது.

"அடுத்த வாரம் நல்ல நாள் இருக்கே" என்று தரையிலிருந்து முனகியது தயக்கம்.

"இன்னைக்கே நல்ல நாள்தான், போய்யா!" என்றது குப்பி.

பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணை இறுக மூடினார். ஊசி தொட்டதுதான் தாமதம், "ஐயோ, அம்மா!" என்று கட்டடம் அதிர ஒரு சத்தம்.

ஆயிரம் கைகளில் ஊசி குத்தியவரின் வாயிலிருந்து இப்படி ஒரு சத்தமா? ரபீக்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒன்பது பேரும் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். குலுங்கிய குலுக்கலில் மடியிலிருந்த குட்டிகளெல்லாம் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்து வாசலைப் பார்த்து ஓடின.

பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "வலிச்சுதா சிஸ்டர்?"

இத்தனை வருஷமாக எல்லோரிடமும் வலிக்கவே வலிக்காது என்று சொல்லி வந்தவர், பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி சொன்னார்.

"வலிச்சுதுக்கா. ஆனா அவ்வளவுதான்."

பஞ்சவர்ணம் இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டார். ரபீக்கை ஒதுங்கச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக வந்து கையை நீட்டினார்.